பூக்கட்டும், பிறகு பார்க்கலாம்

"எத்தன நாளா, மிஸ்ஸி?" என்று கேட்டார் ஃபரீதா ராத்தா.

நான் செடியைப் பார்த்தேன்.

"தண்டு எழும்பி மூணு வாரம் ஆகுது, ராத்தா. மொட்டு இந்தச் செவ்வாக்கெழமதான் கண்ணுல பட்டுச்சி."

"நான் செடியக் கேக்கல்ல."

மாலை ஐந்து மணி இருக்கும். உடப்புசல்லாவை ஊர்ப் பக்கத்தில் அந்த நேரத்துக்கு மூடுபனியில் எதிர்மலை பாதிதான் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால், மூலிகைப் பாத்தியின் ஓரத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் நான். மற்றதில் உட்கார்ந்திருந்த ராத்தா எழுந்து நின்று பாத்திக்குப் பின்னால் இருந்த கம்பி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டிலிருந்தும் சமையலறையிலிருந்தும் பார்த்தால் தெரியாத இடம் அது. அங்கே பழைய பருத்திச் சேலையைக் கிழித்த துண்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்பது துண்டுகள். துவைத்த பிறகும் போகாத கறைகள்.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். அந்தத் துணிகளுக்கு வேறு விளக்கம் சொல்ல வழியில்லை. ஆனாலும் முயன்றேன்.

"செடிய கம்போட சேத்துக் கட்டுறதுக்கு வெச்சிருக்கேன், ராத்தா. காத்துல சாயுதே."

ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா; எங்கள் ராத்தா பஜாரில் முப்பது வருடமாகத் துணிக்கடை நடத்துகிறவர். துணியைப் பற்றி அவரிடம் பொய் சொல்வது புத்திசாலித்தனம் இல்லை.

சத்தமாகப் பேசிய காலம்

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவிச்சியாக இருந்தவள். எங்கள் பக்கத்தில் மருத்துவிச்சியையும் தாதியையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகாது.

மற்றவர்களுடைய கர்ப்பப்பையைப் பற்றிப் பேசுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நன்றாகப் பேசினேன். சத்தமாகவும் பேசினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது, "ஏய், போன கிழமை கிளினிக்குக்கு ஏன் வரல? ஒடம்ப விட ஒனக்கு என்னா பெரிய வேலை?" என்று கூப்பாடு போடுவேன். அந்தப் பெண் கூடையோடு கூனிக்குறுகி நிற்பாள்.

வெட்கப்பட்டால் வருவார்கள் என்பது என் கொள்கை. ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் கொள்கை நன்றாக வேலை செய்வதாகவே நம்பினேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நடந்த இரட்டைப் பிரசவத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கிறீர்கள்" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அவருக்கு இந்த வாரம் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

முள்ளங்கி மாதிரி ஒரு செடி

வேலையில் இருந்த காலத்தில் மூலிகைக்கு நான் எதிரி. "அந்த எலைய அரைச்சிக் குடிச்சேன், இந்தப் பட்டைய அவிச்சிக் குடிச்சேன்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓய்வு பெற்று, ரோட்டோரம் பத்துப் பேர்ச் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு நான் முதலில் செய்த காரியம் மூலிகைத் தோட்டம் போட்டது. காரணம் கேட்டால் தெரியாது. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

வல்லாரை தானாகவே வந்தது. கற்பூரவள்ளி ஒரு கிளை நட்டதற்கு ஒரு பாத்தி ஆனது. தூதுவளை வேலியைப் பிடித்துக்கொண்டது. துளசிக்கு மட்டும் எங்கள் குளிர் ஒத்துவரவில்லை. அதை ஒரு பால்மா டின்னில் வைத்து அடுப்படியிலேயே குடித்தனம் நடத்தவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் ஃபரீதா ராத்தாவின் மகள் இங்கிலாந்திலிருந்து மாத்திரை அனுப்பினாள். ராத்தா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய மூன்று பிரசவங்களுக்கும் நான்தான் போனேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே காலத்தில் உடம்பில் சூடு ஏற ஆரம்பித்தது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், ஸ்வெட்டர் போட்டவர்கள் நடுவில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மாத்திரை மஞ்சளாக, மீன் முட்டை மாதிரி இருக்கும். ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற செடியின் விதையிலிருந்து எடுத்த எண்ணெய் என்று போத்தலில் எழுதியிருந்தது. ராத்தா எனக்குப் பாதியைத் தந்தார். அவருக்குச் சூடு குறைந்தது. எனக்கும் குறைந்தது என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

பிறகு பொருளாதார நெருக்கடியில் நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை வந்தது. மருந்துக்கடையில் பனடோல் கிடைத்தாலே அதிர்ஷ்டம். வெளிநாட்டுப் பார்சலும் ஒழுங்காக வந்து சேரவில்லை. நுவரெலியாவில் பூச்செடி விற்கும் ஒரு சிங்களப் பெரியவரிடம் தற்செயலாகக் கேட்டேன். "அதுவா, பழைய பங்களாத் தோட்டங்களில் இருக்குமே" என்று பத்திரிகைத் தாளில் கொஞ்சம் விதை மடித்துத் தந்தார்.

கடுகில் கால்வாசிதான் இருக்கும் அந்த விதை. மண்ணுக்குள் புதைத்தால் முளைக்காது. வெளிச்சம் பட வேண்டும். மேலே தூவி உள்ளங்கையால் லேசாக அமுக்கிவிட்டால் போதும். இது தெரியாமல் முதல் முறை ஆழமாகப் புதைத்துவிட்டு ஒரு மாதம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் முறை முளைத்தது. மழையில் பாதி அழுகியது. நத்தை கொஞ்சம் தின்றது. பாத்தியை உயர்த்தி ஆற்று மணலைக் கலந்த பிறகு ஐந்து செடிகள் நிலைத்தன.

நிலைத்ததும் ஒன்றும் செய்யவில்லை. தரையோடு தரையாக வட்டமாக இலை விரித்து அப்படியே கிடந்தன. முதல் வருடம் இலை மட்டும்தான், பூ அடுத்த வருடம்தான் என்று பிறகுதான் ராத்தாவின் மகள் ஃபோனில் சொன்னாள். அதற்குள் பக்கத்து லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "முள்ளங்கி நல்லா வருது மிஸ்ஸி, எப்ப புடுங்குவீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மருந்துச் செடி என்று சொன்னதும் அதன் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர்களே அதற்கு 'மிஸ்ஸி முள்ளங்கி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

டீமேக்கரின் கருத்து

என் கணவர் ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவர். எந்த இலையைக் கண்டாலும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பார்ப்பார். இதையும் முகர்ந்தார். அடுத்த நாள் நான் இல்லாத நேரத்தில் நான்கு இலையைப் பறித்து, வாட்டி, உருட்டி, காயவைத்து, சாயம் ஊற்றிக் குடித்திருக்கிறார்.

"எப்பிடி இருந்துச்சி?"

"ஈரச் சாக்கு" என்றார்.

ஜனவரியில் பனி கொட்டியது. காலையில் பார்த்தால் இலை மேல் உப்புத் தூவின மாதிரி இருக்கும். அவர் பழைய தேயிலைச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து செடிகளை மூடினார். இந்தச் செடிக்குக் குளிர் வேண்டும், குளிர் பட்டால்தான் பூக்கும் என்று சொல்லி நான் சாக்கை எடுத்தேன். அவர் மறுபடி மூடினார். மறுபடி எடுத்தேன். அந்த மாதம் முழுவதும் நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சாக்குதான் போய்ப் போய் வந்தது.

எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

மாரியாயி

செடியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில், மேல் டிவிஷனில் மாரியாயி என்று ஒரு அம்மா இருந்தார். என் இப்போதைய வயதுதான் இருக்கும். கொழுந்து பறிப்பதில் அந்த மலையில் அவரை யாரும் முந்த முடியாது. ஒருநாள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். நின்று பல வருடமான ரத்தம் மறுபடி போவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். திருவிழா முடியட்டும் என்றார். திருவிழா முடிந்தது. பேத்தி சடங்கு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து முடியட்டும் என்றார். நான் நிறுவை இடத்தில் வைத்து எல்லார் முன்னாலும் ஏசினேன். அதற்குப் பிறகு அவர் என் கண்ணில் படாமல் வேறு பாதையில் போக ஆரம்பித்தார். கடைசியில் லொறியில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனோம். இரண்டு மாதம் இருந்தார்.

நின்ற ரத்தம் மறுபடி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை அவருடைய வீட்டு வாசலில் நின்றுகொண்டு கற்றேன். அதன் பிறகு எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

எனக்கு முதல் கறை பட்டது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு.

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போய்ப் பார்த்தேன். கையைக் கழுவினேன். வந்து மிச்ச மாவையும் பிசைந்தேன். சூட்டினால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒருத்தி என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அவளை என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை நினைக்காமல் விட்டேன்.

மழை விடட்டும் என்று இருந்தேன். பனி போகட்டும் என்று இருந்தேன். பனி போய்ச் சித்திரை முடியும்போது ஐந்து செடிகளில் ஒன்று நடுவிலிருந்து தண்டு எழுப்பியது. நாளுக்கு இரண்டு விரல் வளர்ந்தது. சரி, இது பூக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு வருடம் காத்திருந்த செடி, பூக்கும்போது நாம் இல்லாமல் இருந்தால் எப்படி என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அந்த நியாயம் அப்போது மிகவும் பலமானதாகத் தோன்றியது.

மிச்சமிருந்த மாத்திரைகளை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். சேலையைக் கிழித்தேன். ராத்தாவின் கடையில் பஞ்சு வாங்கினால் கேள்வி வருமே.

அந்தச் சேலை எடுத்ததும் ராத்தாவின் கடையில்தான். அதை நான் யோசிக்கவில்லை.

வேலியோரம்

"தீவாளியில இருந்து" என்றேன்.

ராத்தா விரல் விட்டு எண்ணினார். "ஏழு மாசம்."

"தெனமும் இல்ல ராத்தா. விட்டு விட்டுத்தான்."

"ஏன் போகல்ல?"

மழையைச் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். என் கணவரின் முழங்கால் வலியைச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு அவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுபோல. கடைசியில் மொட்டைக் காட்டினேன். "இன்னம் பத்து நாள்ல பூத்துரும். பூக்கட்டும்னு பாத்தேன்."

"பூத்தா அது என்ன சொல்லும்? உங்களுக்கு ஒண்டும் இல்லெண்டு சொல்லுமா?"

நான் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினேன்.

"மிஸ்ஸி, எனக்கு ரெண்டாவது புள்ள கெடைக்கக்குள்ள ரத்தம் நிக்காமப் போச்சு. நீங்க எண்ட மாப்பிள்ளைய என்ன ஏச்சு ஏசினீங்க? அஞ்சு நிமிசத்துல வேன் வந்திச்சு. அப்பிடிப்பட்ட மனிசி, ஏன் இப்பிடி?"

"பயமா இருக்கு, ராத்தா."

இந்த வாக்கியத்தை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன விதமும் அவ்வளவு நன்றாக வரவில்லை. கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின.

ராத்தா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஏசவில்லை. முக்காட்டின் நுனியை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், நான் அவருடைய பிள்ளை மாதிரி.

"அத முதல்லயே சொல்லீக்கலாமே" என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுக்கு நான் ரோட்டுல நிப்பேன். நீங்க வரல்லெண்டா உள்ள வந்து உங்கட மாப்பிள்ளைக்கிட்ட சொல்லுவேன்" என்றார்.

ஒன்னோட டிப்பாட்மெண்டு

ராத்தா வந்து என் கணவரிடம் சொல்வதைவிட நானே சொல்வது மேல் என்று தோன்றியது. சாப்பாடு வைக்கும்போது சொன்னேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நாளைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போறேன். ராத்தாவும் வாறாங்க. எனக்கு ரத்தம் போகுது. கொஞ்ச நாளா."

அவர் டிவியை நிறுத்தினார். "தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"வேலியில துணி காயுதே. மாசியில இருந்து பாக்குறேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "பாத்துட்டு ஏன் கேக்கல?"

"அது ஒன்னோட டிப்பாட்மெண்டு. ஒனக்குத் தெரியாததா? ஏதோ மருந்து எடுக்கிறேன்னு நெனைச்சேன்." தட்டை ஒரு பக்கம் நகர்த்தினார். "கேட்டா நீ ஏதாவது சொல்லிருவேன்னு பயமா இருந்துச்சி."

அப்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் விளங்கின. மாசியிலிருந்து கேஸ் சிலிண்டரை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் வாளியை நான் தொடுவதற்கு முன் அவர் தூக்கிவிடுவார். வயதான காலத்தில் மனுசன் திருந்திவிட்டார் என்று நான் ராத்தாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக நடமாடியிருக்கிறோம். அன்றைக்குச் சோறு ஆறிப்போனது. பரவாயில்லை என்று சாப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில்

டொக்டர் என் மகன் வயதுதான். சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "நான்கு மாதம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ராத்தா, "ஹத்தய்" என்றார். ஏழு என்று அர்த்தம்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஏழு" என்று ஒப்புக்கொண்டேன். ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். மாத்திரைப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அது இந்த நோயைக் கொண்டுவரவும் இல்லை, தடுக்கவும் போவதில்லை, ஆனால் சத்திரசிகிச்சை என்று வந்தால் ரத்தம் அதிகம் போகக்கூடும் என்பதால் இப்போதே நிறுத்துங்கள் என்றார். பிறகு, "என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"மருத்துவிச்சி."

அவர் பேனையைக் கீழே வைத்தார். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். ஏசியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. "எங்கள் அம்மாவும் தாதிதான். அவரும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் நான் பாத்தியில் ஒரு களைகூட விடவில்லை. களை இல்லாதபோது மணலைக் கிளறினேன்.

கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்ப நிலை. எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்று டொக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று கை காட்டினேன். அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்குத் தெரியும்.

ஃபோனில் பூத்தது

கண்டியில் சத்திரசிகிச்சை. பத்து நாளில் பூக்கும் என்று நான் ராத்தாவிடம் சொன்ன மொட்டு சும்மா இருந்தது. குளிரும் மழையும் திரும்பி வந்ததில் அது யோசித்துக்கொண்டிருந்தது. நான் வார்டில் படுத்த மூன்றாம் நாள் மாலை, ஆறு மணிக்கு, என் கணவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"கமலா, மொட்டு வெடிக்கப் போவுது."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"பச்சத் தோல் மடங்கிக்கிட்டு வருது. நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேன். சும்மா இரு, பேசாத."

பேசவில்லை. ஃபோனுக்குள் எங்கள் வீட்டு மழைச் சத்தம் கேட்டது. ஃபெக்டரியில் கொழுந்து வாடுவதைக் காவல் காத்த மனுசன். பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழகின வேலை.

"இப்ப ஒரு எதழ் அசையுது" என்றார். "இன்னொன்னு. அடேயப்பா. கண்ணு முன்னாலயே விரியுது கமலா. நாலு எதழ். மஞ்ச. எலுமிச்சங்கா மஞ்ச."

"மணம் இருக்கா?"

அவர் முகரும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் முகர்ந்தார்.

"லேசா இருக்கு. நல்ல மணந்தான்." மறுபடி முகர்ந்தார். "தேயிலைக்கு ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட வயிறு. சிரிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மாத்தளைப் பெண் பயந்துபோய் மணி அடித்துவிட்டார். தாதி ஓடிவந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். வீட்டில் பூ பூத்துவிட்டது என்றேன். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று அவர் எழுதிவைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குள் அந்தப் பூ வாடிவிட்டது. அதன் ஆயுள் அவ்வளவுதான். மற்ற மொட்டுகள் தினமும் இரண்டு மூன்றாக விரிந்தன. நான் வீட்டுக்கு வந்தபோது அடியில் இருந்தவை காயாகியிருந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். இதுவரை நல்லபடியாக இருக்கிறேன்.

விதைக்கு வந்தவர்கள்

மலைப்பக்கத்தில் செய்தி ஒரு வீட்டைத் தாண்டும்போது வேறு உருவம் எடுக்கும். மிஸ்ஸிக்குக் கர்ப்பப்பையில் புற்று வந்தது. மிஸ்ஸி முள்ளங்கியைச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். இப்படித்தான் அது மேல் டிவிஷன்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. விதை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொருவரிடமும் மறுத்துச் சொன்னேன். செடி என்னைக் குணமாக்கவில்லை, வெட்டி எடுத்ததால்தான் பிழைத்தேன், இந்த எண்ணெய் எடுக்க ஒரு மலை நிறைய விதை வேண்டும் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி மிஸ்ஸி, ஒரு பிடி குடுங்க" என்றார்கள்.

அதனால் ஒரு விதி வைத்தேன். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், பெண்களுக்கான கிளினிக்கில் பரிசோதித்த கார்டைக் காட்டினால்தான் விதை. கார்ட் இல்லாவிட்டால் பிளேன்டீ மட்டும்தான்.

முதலில் கார்டோடு வந்தது ஃபரீதா ராத்தா. விதைக்காக வரவில்லை, விதியை ஆரம்பித்துவைக்க வந்தேன் என்றார்.

போன மாதம் செல்வமணி வந்தாள். கீழ் லயத்தில் இருக்கிறாள், நாற்பத்தாறு வயது, கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மூத்த மகன் பிறந்தது என் கையில்தான்.

"கார்டு எங்க?"

"என்னாங்க மிஸ்ஸி, வெதைக்கு எதுக்குக் கார்டு? கூட்டுறவுக் கடையா நடத்துறீங்க?"

"எதுக்கு ஒனக்கு வெத?"

"சும்மாதான். மருந்துக்கு ஆகும்னாங்க."

பேசிக்கொண்டே இருந்தவள், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. இடுப்பில் ஸ்வெட்டரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தக் காலத்து மிஸ்ஸியாக இருந்தால் நான் இந்த இடத்தில் சத்தம் போட்டிருப்பேன். வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

விதையைத் தாளில் மடித்து அவள் முன்னால் மேசையில் வைத்தேன்.

"கார்ட் வேணாம். எடுத்துக்க" என்றேன். "ஆனா ஒன்னு கேட்டுட்டுப் போ. எனக்கு ரத்தம் போனது ஏழு மாசம். மருத்துவிச்சியா இருந்துக்கிட்டு ஏழு மாசம் ஒளிச்சி வெச்சேன். சோம்பேறித்தனத்துல இல்ல. ஆஸ்பத்திரியில என்னா சொல்லிருவாங்களோன்னு பயந்துதான். மாரியாயி அம்மாவும் பயந்துதான் இருந்திருப்பாங்க. நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. ஏசத்தான் செஞ்சேன்."

செல்வமணி பொட்டலத்தைத் தொடவில்லை.

"ஒனக்கு எத்தன நாளா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ரெண்டு மாசம்" என்றாள். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியில் கறை படாதபடி முதலில் ஒருக்களித்து, பிறகு அதையும் மறந்து, முழுதாக உட்கார்ந்து அழுதாள்.

அழட்டும் என்று விட்டேன். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, என் ஸ்வெட்டரையும் அவளுக்கு ஒரு பழைய பாவாடையையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"எந்திரி. பதினொன்னே காலுக்கு நுவரெலியா பஸ் இருக்கு."

"இப்பவேவா மிஸ்ஸி? வீட்டுல சொல்லல."

"ஃபோன் இருக்குல்ல, பஸ்ஸுல இருந்து சொல்லிக்கலாம்."

அவள் பாவாடையை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ரோட்டுக்கு இறங்கினோம். விதைப் பொட்டலத்தை அவள் மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.